அரிசியளவு சங்கு

"அந்தச் சங்கை நீதான்டா எடுத்தே. இன்னைக்காவது ஒத்துக்கோ."

மருத்துவமனை வரவேற்பறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. மீன் தொட்டியின் மணலில் கிடந்த சங்குகளைப் பார்த்ததும் அக்கா ஆரம்பித்துவிட்டாள். இடது காது மந்தம் என்பதால் அவள் குரலே அப்படி. அம்மாவுக்கும் காது மந்தம்தான்; அவள் கொடுத்த சீதனம் என்பாள். அறுபதைத் தாண்டி இப்போதுதான், மகளின் நச்சரிப்பு தாங்காமல், காது மிஷின் வைக்க வந்திருக்கிறாள். தம்பி துணைக்கு.

"மெதுவாக்கா. எனக்கே பேரன் பொறந்தாச்சு. இன்னுமா அதைப் பேசறே?"

"அப்பா நம்மளக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனது அந்த ஒரு தடவைதான். அடுத்த மழைக்கு அவரே இல்ல. அவர் கையால எனக்குக் கொடுத்தது அது."

தம்பிக்கும் நினைவிருந்தது. இளஞ்சிவப்பு வரி ஓடிய, அரிசியளவு கடல் நத்தை ஓடு. 'பாவம், குட்டி' என்றாள் அக்கா அன்று. 'குட்டி இல்லம்மா, கிழவன். இந்த ஜாதி வளர்றதே இவ்வளவுதான்' என்று அப்பா சிரித்தார்.

"அதுல கடல் சத்தம் கேக்குதுன்னு ராத்திரி பூரா அளந்தியே. அரிசிக்குள்ள ஏதுக்கா கடல்?"

"கேட்டுச்சுடா! கேட்டுக்கிட்டேதான் தூங்கினேன். காலைல காணோம். பக்கத்துல படுத்திருந்தது நீ மட்டும்தான்."

அவள் கண் கலங்கியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எது காணாமல் போனாலும், முதலில் தம்பியின் சட்டைப்பையைத்தான் தடவிப் பார்ப்பார்கள். மறுத்து மறுத்து அவனுக்கும் அலுத்துவிட்டது. இந்த வயதில் அவள் அழுவதைப் பார்க்கவும் முடியவில்லை.

"சரிக்கா. நான்தான் எடுத்தேன். மன்னிச்சிடு."

"எனக்குத் தெரியும்டா!" அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவன் கன்னத்தில் செல்லமாகத் தட்டினாள். "திருட்டுப் பயலே... போ, மன்னிச்சிட்டேன்."

நர்ஸ் உள்ளே கூப்பிட்டாள்.

டாக்டர் விளக்கை அடித்து இடது காதுக்குள் பார்த்தார். புருவம் சுருங்கியது. "மிஷினை அப்புறம் பார்க்கலாம். உள்ளே என்னமோ அடைச்சிருக்கு."

சற்று நேரத்தில் அழுக்கு உருண்டை ஒன்று 'டக்'கென்று தட்டில் விழுந்தது. டாக்டர் அதைப் பஞ்சால் துடைத்தார்.

அரிசியளவு. இளஞ்சிவப்பு வரி.

தம்பி அவளுடைய இடது பக்கம் குனிந்து, மூச்சுக்காற்றாய்க் கிசுகிசுத்தான். "அக்கா, வெளியில கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"கத்தாதேடா," என்றாள் அக்கா, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லாவே கேக்குது."