ஆள் பார்க்கும் ஊசி

"உலகத்தில ஆள் பார்த்துக் குத்துற ஊசி ஒண்டே ஒண்டுதான், மச்சான். அது பேஜ்."

மூதூர் லாஞ்சுக்கு நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஜெமீல் அறிவித்தான். பேராதனையில் இரண்டு வருடமாக மருத்துவம் படிக்கிறான். மெதுவாகப் பேசும் பாடம் இன்னும் தொடங்கவில்லை போலும்.

கொலரா ஊசி போட்ட அட்டை இல்லாமல் லாஞ்சில் ஏற ஏலாது. இறங்குதுறையில் இரண்டு மேசை போட்டிருந்தார்கள்: ஒன்றில் தாதி, மற்றதில் உதவி வைத்தியர்.

புஷ்பவதி மிஸ்ஸியின் மேசைக்கு முன்னால், வெயிலில், முழு ஊரும்.

அப்போதிக்கரி ஸைனுலாப்தீனின் மேசைக்கு முன்னால் ஒரு காகம்.

மிஸ்ஸியின் கை எல்லாருக்கும் ஒத்துவருமாம். அப்போதிக்கரியின் கை ஒருவருக்கும் ஒத்துவராதாம். இன்றைக்கும் ஆள் வராவிட்டால் நாளை முதல் அவரை மருந்துப் போத்தல் கழுவ விடப்போகிறார்கள் என்று கதை. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. வரிசையை விட்டு நான் அசையவில்லை.

ஜெமீலுக்குப் பொறுக்கவில்லை.

"பேஜ் எண்டா பக்டீரியாவைப் பிடிக்கிற வைரஸ். காலால தடவிப் பார்க்கும். தன்ர கால் கொளுவுற இடம் இருந்தாத்தான் குத்தும். நெருப்புக்காய்ச்சல் கிருமியைப் பிடிக்கிற பேஜுக்குக் கொலராக் கிருமி வெறுங்கல்லு. அது மூளையில்லாத சாமான், மன்னிக்கலாம். இந்தச் சனத்துக்கு என்ன வந்த? ரெண்டு மேசையிலயும் ஒரே மருந்து, ஒரே ஊசி!"

முன்னால் நின்ற அசனா உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பினார்.

"அப்ப நீங்க போய்க் குத்திக்கிட்டு வாங்களன், தம்பி."

வரிசை சிரித்தது. லாஞ்ச் ஹோர்ன் அடித்தது.

ஜெமீல் போனான். நடையிலேயே விஞ்ஞானம் தெரிந்தது. காகம் வழிவிட்டது.

கதிரையில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தான். அப்போதிக்கரி அவசரமாக எழுந்தார். பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்தார். ஊசியை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தார்.

ஜெமீல் அந்தக் கையைப் பார்த்தான்.

மடித்ததை இறக்கிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் என் பிடரியில் யாருடைய மூச்சோ பட்டது. நான் திரும்பவில்லை. அசனா உம்மாகூடத் திரும்பவில்லை.

அப்போதிக்கரி ஊசியைத் தட்டில் வைத்தார். பஞ்சைப் பிழிந்தார். கோபமே இல்லாத குரலில், எங்கள் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஜெமீலைப் பார்த்துச் சொன்னார்:

"மகன், உம்மாக்கிட்டச் சொல்லுங்க. வாப்பா பகல் சோத்துக்கே வந்திருவன் எண்டு."