நீர்நிலைகள் நீங்கலாக

கையில் திணிக்கப்பட்ட டீயை அவள் பார்த்தாள்.

மேலே ஆடை படிந்திருந்தது.

மூச்சு இன்னும் வாங்கியது. இப்போதுதான் எதிர்க்கட்சி மொத்தமும் கோஷம் போட்டபடி பேரவையை விட்டு வெளியே வந்திருந்தது. அமைச்சர் எதிர்க்கட்சித் தலைவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். தலைவர் எழுந்தார். பின்னாலேயே எல்லோரும் எழுந்தார்கள். அவள் குரல்தான் எல்லோரையும்விட ஓங்கி ஒலித்தது.

முதல் முறை உறுப்பினர். முதல் வெளிநடப்பு.

வெளிக்கூடத்தில் நீள மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, டம்ளர்களை வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாம் நிறைந்திருந்தன.

எல்லாவற்றிலும் ஆடை.

டீயில் ஆடை படிய நேரம் வேண்டும். சூடு இறங்க வேண்டும். காற்றுப் பட வேண்டும். யாரும் தொடாமல் இருக்க வேண்டும். அடுப்படியில் நின்றவர்களுக்கு அது தெரியும்.

அமைச்சர் அந்த வார்த்தையைச் சொல்லி அவ்வளவு நேரம் ஆகவில்லை.

சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் பேரவைத் தலைவரின் குரல் வந்துகொண்டிருந்தது. பிரிவு இரண்டு, நிறைவேறியது. பிரிவு மூன்று.

அவள் கொறடாவைத் தேடினாள். கட்சி உறுப்பினர்கள் அவையில் எப்போது எழுவது, எப்போது உட்காருவது, யாருக்குக் கைதூக்குவது, எல்லாம் அவர் கண்ணசைவில்தான். மேஜை ஓரத்தில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உள்ள போயிருவமா? அடுத்தது என் பிரிவு."

"டீ ஆறிரும் தாயி. குடி."

"ஆறித்தாண்ணே கெடக்கு."

அவர் சிரித்தார்.

மசோதாவை யாரும் ஒரே வாயில் விழுங்கிவிட முடியாது. பதவியேற்ற புதிதில் விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவள் ஆசை ஆசையாகக் கற்றது அது. பிரிவு பிரிவாகத்தான் வரும். ஒவ்வொரு பிரிவிலும் பேரவைத் தலைவர் நிறுத்திக் கேட்டாக வேண்டும். யாராவது திருத்தம் கொடுத்திருந்தால் அவர் பெயரைக் கூப்பிட வேண்டும். கொடுத்தவர் எழுந்து 'முன்மொழிகிறேன்' என்று சொன்னால் அதற்கு உயிர் வரும். அதன்பிறகு வாக்கெடுப்பு.

ஆள் இல்லையென்றால் அது வெறும் தாள்.

எந்த நிலத்தையும் தொழிற்சாலைக்கு எடுத்துக் கொடுக்கலாம் என்றது நான்காம் பிரிவு. அவளுடைய திருத்தம் இரண்டே வார்த்தை. நீர்நிலைகள் நீங்கலாக. அவள் ஊர்க் கண்மாயை வளைத்துக் கல் ஊன்றிவிட்டு ஒரு கம்பெனி காத்திருந்தது. அந்த இரண்டு வார்த்தை உள்ளே போய்விட்டால் கல்லைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிக்காரர்களும் கண்மாய்த் தண்ணீர் குடித்தவர்கள். ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசியிருந்தாள். அவர்கள் கை தூக்கச் சம்மதித்திருந்தார்கள். எதிர்க்கட்சி முழுசாக உள்ளே இருந்தால் திருத்தம் ஜெயிக்கும்.

வெளியே இருந்தால்தான் தோற்கும்.

அவள் டம்ளரைப் பார்த்தாள்.

"பிரிவு நான்கு," என்றது ஒலிபெருக்கி. "செம்பூரணி உறுப்பினர் திருமதி வே. அன்னமயில் திருத்தம் கொடுத்திருக்கிறார்கள். முன்மொழியலாம்."

அவள் கதவை நோக்கி விரைந்தாள்.

கதவு பக்கத்தில்தான். வெளிநடப்புச் செய்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். அதற்கும் விதி இருந்தது. அவள் வருவதைப் பார்த்து, வெள்ளைச் சீருடைக் காவலர் கதவை அகலத் திறந்து பிடித்தார். உள்ளே பச்சைக் கம்பளம் தெரிந்தது. அவள் இருக்கை தெரிந்தது.

"திருமதி அன்னமயில்."

ஒலிபெருக்கி மறுபடி கூப்பிட்டது. பின்னாலிருந்து கொறடா பேசினார். அதட்டவில்லை. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற குரல்.

"ஊர் ஊராப் போய் அந்தக் கம்பெனிய வைஞ்சியே தாயி. அந்த வேனுக்கு டீசல் யாரு ஊத்துனதுன்னு நெனச்ச?"

அவள் நின்றாள்.

திறந்த வேன். கையில் மைக். வெயிலில் சுட்ட கம்பி. ஒவ்வொரு ஊர் முக்கிலும் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லி, விடமாட்டேன் என்றிருக்கிறாள். கூட்டம் கைதட்டியது. வண்டி அடுத்த ஊருக்கு நகர்ந்தது.

எங்கேயும் நிற்கவில்லை அந்த வண்டி.

டீசல் செலவைக் கட்சி பார்த்துக்கொள்கிறது என்று இருந்துவிட்டாள்.

"திருமதி அன்னமயில். உறுப்பினர் அவையில் இல்லை. திருத்தம் முன்மொழியப்படவில்லை. பிரிவு நான்கை ஏற்போர் 'ஆம்' என்க."

ஆம் என்றார்கள்.

"மறுப்போர் 'இல்லை' என்க."

ஒலிபெருக்கி இரைந்தது. வேறொன்றும் கேட்கவில்லை.

காவலர் கதவை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு சத்தம் வராமல் சாத்தினார்.

அவள் வெளியேறியதுமே பார்வையாளர் மாடத்தை விட்டு எழுந்துவிட்ட அவள் ஊர்க்காரர்கள் இறங்கி வந்தார்கள். அவள் பேசுவதைப் பார்க்க விடியலிலேயே கிளம்பி வந்தவர்கள். கண்மாய்ப் பாசனச் சங்கத்துத் தலைவர் சோலைமலை முன்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகமெல்லாம் பெருமை.

"என்னா சத்தம். மந்திரி மூஞ்சி செத்துப்போச்சு தாயி. இனிமே நம்ம கண்மாய ஒரு பய தொட மாட்டான்ல?"

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டே வாசலுக்கு வந்தார்கள். அவர்களை ஏற்றி வந்த வேன் நிழலில் நின்றது. தேர்தலில் ஓடிய அதே வேன். டிரைவர் எப்போதும்போல் ஓடிவந்து அவளுக்கு முன்கதவைத் திறந்தார்.

ஊர்க்காரர்கள் ஏறத் தொடங்கினார்கள்.

"எறங்குங்க," என்றாள் அவள்.

சோலைமலை ஒரு காலைப் படியில் வைத்தபடி திரும்பினார்.

"பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துருவோம். வழியில ஒண்ணு சொல்லணும்."