போர்வைக்குள் வைத்த பை

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். மூத்திரக் குழாய் போட்டு வீட்டில் படுத்திருந்த கனகசபையைப் பார்க்கச் சம்பந்திகள் வந்தார்கள். "ஐயோ, அவங்க கண்ணுல படக்கூடாது" என்று மனைவி செண்பகம், கட்டிலுக்குக் கீழே தொங்கிய மூத்திரப் பையைத் தூக்கி அவர் வயிற்றின்மேல் வைத்துப் போர்த்திவிட்டாள். அவர்கள் கிளம்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. மறுநாள் காய்ச்சலில் அவர் உடம்பு கட்டிலையே ஆட்டியது.

"யாரு பையை மேல தூக்குனது?" வந்து போர்வையை விலக்கிய நர்ஸ் அதட்டினாள். "மூத்திரம் திரும்பி உள்ள போய் புண்ணாயிருக்கு. கிருமியோட உடம்பு சண்டை போடுது, அதான் இந்த நடுக்கம்."

செண்பகம் கதவோரமாக ஒதுங்கினாள். "நான்தான் தூக்கிவைக்கச் சொன்னேன்" என்றார் கனகசபை, பற்கள் தந்தியடிக்க. அவர் சொல்லவே இல்லை.

உங்கள் வீட்டிலும் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள ஒருவர் இருக்கட்டும், நெடுநாள் இருக்கட்டும்.