மூன்று குச்சி நிழல்

"இருபது குழி இருக்கு. ஒரு கன்றும் இல்லை," என்றார் வன அதிகாரி.

சிவலட்சுமியின் வரிசைக்கு முன்னால் ஊரே நின்றது. மாடு கடித்த அடையாளம் இல்லை. மண்ணோடு கிண்டி எடுத்த குழிகள்.

"வித்துப்போட்டா போல," என்றார் சங்கத் தலைவர் ராஜரத்தினம். "முதிரை மரக்கன்றுக்கு இப்ப நல்ல கிராக்கி."

சிவலட்சுமி கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தாள்.

செயலாளர் அனோஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயபுரத்துக்கு இன்றைக்குப் பெருநாள்; கன்றுகளை எண்ணி ஒப்பந்தம் எழுதும் நாள். அழிந்த காட்டை ஊரும் வனத் திணைக்களமும் சேர்ந்து வளர்க்கலாம் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. ஒப்பந்தத்தில் பெயர் ஏறினால், தேனுக்கும் பாலைப்பழத்துக்கும் விறகுக்கும் இனி ஒளித்து ஒளித்துக் காட்டுக்குள் போகத் தேவையில்லை. பந்தலில் பொங்கல்கூடப் பொங்கியாயிற்று.

அந்தச் சட்டத்தை வரி வரியாக வாசித்து ஊருக்கு விளங்கப்படுத்தியவள் அனோஜாதான். குடும்பத்துக்கு இருபது கன்று, பதினைந்துக்குக் குறைந்தால் பெயர் வெட்டு என்று சங்கத்தில் விதி போடவைத்தவளும் அவள்தான். ஆருக்கும் விலக்கில்லை என்று மேசையில் தட்டிச் சொல்லியிருந்தாள்.

"என்ன செய்வம், செயலாளர்?" என்று அதிகாரி அவளைக் கேட்டார்.

"வெட்டுங்கோ சேர்."

"மிச்ச வரிசையையும் பார்த்துப்போட்டு ஒண்டா வெட்டுவம்."

கடைசி வரிசை அனோஜாவுடையது. அப்பாவின் ஒப்பரேசனுக்காக மூன்று கிழமை வவுனியா ஆசுபத்திரியில் நின்றுவிட்டு நேற்றுத்தான் திரும்பியிருந்தாள். கன்றுகளை எட்டிப் பார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

"இருபதுக்கு இருபது," என்றார் அதிகாரி. ஊர் கை தட்டியது.

அனோஜா பூரிப்போடு குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு கன்றுக்கும் மேற்குப் பக்கமாக, இலையோடு மூன்று குச்சி குத்தியிருந்தது.

ஊரில் அப்படிக் குத்துகிறவர் ஒருவர்தான். தேயிலைத் தோட்டத்தில் இளங்கன்றுக்கு அம்மா இப்படித்தான் நிழல் குத்துவா என்று, நடுகை நாளில் சிவலட்சுமி சொல்லியிருந்தாள். அதைக் கேட்டு முதலில் சிரித்தது அனோஜாதான்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற சிவலட்சுமியிடம் போய், "ஏனக்கா?" என்றாள் மெல்ல.

"உன்ர கன்றையெல்லாம் ஆடு திண்டுட்டுது புள்ள. உன்ர பேர் வெட்டுப்பட்டா எங்களுக்கு ஆர் சட்டம் வாசிச்சுச் சொல்றது? நான் பழையபடி ஒளிச்சுப் போய் விறகு பொறுக்குவன்."

அதிகாரி பேனையைத் திறந்து சிவலட்சுமியின் பெயரைத் தேடினார்.

"பொறுங்கோ சேர்." அனோஜா அவருக்கு முன்னால் வந்து நின்றாள். "இந்த இருபதும் சிவலட்சுமியக்கா வளர்த்தது. வெட்ட வேண்டியது செயலாளரின்ர பேரை."