இருபத்திரண்டாவது ஜோடி

வரப்பின் மேல் வரிசையாக நின்றன, இருபத்தொரு ஜோடி பூட்ஸ்.

கறுப்பு ரப்பர். முழங்கால் உயரம். மூன்று மாதம் முன்பு கொடுத்தவை. ஒன்றில்கூடக் காட்டுச் சேறு ஒட்டியிருக்கவில்லை. கிராம சுகாதார நர்ஸ் நூர்ஜகானுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கீழே, கல்வராயன் மலையடிவாரத்து மரவள்ளிக் காட்டில், கூலியாட்கள் வெறுங்காலோடு களை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா ஆயம்மா இது? கண்காட்சி வெக்கவா குடுத்தேன்?"

களைக்கொட்டோடு நிமிர்ந்தாள் ஆயம்மாள். "கோச்சிக்காதீங்க நர்ஸம்மா. வூட்லேர்ந்து வரப்பு வரைக்கும் போட்டுக்கினுதான் வந்தோம். வெள்ளாம பூமிய எப்பிடிங்க செருப்புக் காலால மிதிக்கிறது?"

அந்த மண்ணில்தான் பூஞ்சை இருந்தது.

முள் குத்திய துளை போதும், அது காலுக்குள் நுழைய. வலிக்காது. மெதுவாகக் கட்டி கிளம்பும். அதிலிருந்து கடுகு போலக் கறுப்புக் குருணை கசியும். ஆரம்பத்திலேயே பிடித்தால் மாத்திரையோடு போகும். எலும்புக்கு இறங்கிவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான்.

போன வருஷம் இதே காட்டில் களை வெட்டிய சின்னக்கண்ணுவின் பாதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் நோட்டில் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போனவள் நூர்ஜகான். சின்னக்கண்ணுவின் வலது கால் இப்போது முழங்காலோடு முடிகிறது.

இன்று ஒரு காலைக்கூட விடுவதாக இல்லை.

ஒவ்வொருவராக வரப்பில் உட்கார வைத்தாள். சேற்றைக் கழுவினாள். கட்டைவிரலால் உள்ளங்காலை அங்குலம் அங்குலமாக அழுத்தினாள்.

இருசம்மாளின் குதிகாலில் விரல் நின்றது. ஏதோ கெட்டியாகத் தட்டியது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். இருசம்மாள் "ஐயோ!" என்று அலறினாள்.

வலிக்கிறது! வெறும் கால் ஆணி. நூர்ஜகானுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

இருபத்தொரு பேருக்கும் ஒன்றுமில்லை.

மிச்சம் வீரமுத்து. காட்டின் கோடியில் தனியாகக் களை வெட்டிக்கொண்டிருந்தான். காலில் பூட்ஸ்.

பூட்ஸ் போடுகிறவர்களைச் சோதிக்க வேண்டியதில்லை, மற்றவர்களைப் பார்த்தால் போதும் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். அவளுக்கும் முதுகு விட்டுப்போயிருந்தது.

"பாருங்க, அவரு ஒருத்தராவது நான் சொன்னத கேட்டாரு" என்றபடி நோட்டில் அவன் பெயரை எழுதினாள்.

இருசம்மாள் குதிகாலைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். "அதான் நர்ஸம்மா எங்களுக்கும் புரியல. 'எவனாவது பூட்ஸோட பூமில எறங்கினீங்க, கால ஒடிப்பேன்'னு எங்கள மெரட்டுனதே அவன்தான்."

'இல்லை' என்று எழுதப்போன பேனா நின்றது.

நூர்ஜகான் பையை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினாள். நடந்தாள். பிறகு கிட்டத்தட்ட ஓடினாள்.

அவள் வருவது தெரிந்தும் வீரமுத்து தலையைத் தூக்கவில்லை. களைக்கொட்டு மட்டும் வேகம் பிடித்தது.

"பூட்ஸ கழட்டுங்கண்ணே."

கொட்டு நின்றது.

"எடது காலு கழல மாட்டேங்குது நர்ஸம்மா. நாலு நாளா இழுத்துக்கினுதான் இருக்கேன்."

அவள் மண்ணில் மண்டியிட்டாள். பையிலிருந்து கட்டுத்துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள்.

அதைப் பார்த்ததும் வீரமுத்து அப்படியே சரிந்து உட்கார்ந்தான். இரண்டு கைகளாலும் இடது முழங்காலை இறுகக் கட்டிக்கொண்டான்.

"பூட்ஸ மட்டுந்தாண்ணே" என்றாள் நூர்ஜகான்.