சுஷ்மா சொன்ன ஹோட்டல்

உப்பலில் மெட்ரோ ஏறியதுமே எட்வின் போனைத் திறந்தான். மனைவி ரோஸ்லின் எட்டிப் பார்த்தாள். நினைத்தது சரி, அதே சுஷ்மாதான். தங்கிய ஹோட்டல்களைப் பற்றி இணையத்தில் எழுதித் தள்ளுகிற, முகம் தெரியாத ஒருத்தி.

"குன்னூர்ல ஒரு பழைய பங்களா. சுஷ்மா போயிருக்கா. புக் பண்ணிடட்டுமா?"

"நான் மூணு ஹோட்டல் அனுப்பினேனே?"

"அந்த மூணைப் பத்தியும் சுஷ்மா எழுதியிருக்கா. படிச்சதும் விட்டுட்டேன். அவளைப் படிச்சுட்டுப் போன எந்த இடமாவது சோடை போயிருக்கா? கூர்க், கொச்சி... உனக்கும் பிடிச்சுதே!"

பிடித்துப்போனதுதான் அவளுக்கு எரிச்சல். பத்து வருஷமாகக் கூட இருப்பவளின் ரசனையை மதிக்காதவன், எவளோ எழுதியதை வரி விடாமல் படிக்கிறான்.

"எனக்குக் குன்னூரும் நக்கோ, உங்க சுஷ்மாவும் வேண்டாம்! அவளையே கூட்டிட்டுப் போங்க."

தார்னாக்கா ஸ்டேஷன் தாண்டியும் அவள் அவன் பக்கம் முகம் திருப்பவில்லை. எட்வின் போனை நீட்டினான்.

"ஒரு தடவை படிச்சுத்தான் பாரேன்."

'லிஃப்ட் இல்லை, டிவி இல்லை. மரப்படி கிறீச்சிடுகிறது. விடிந்தால் ஒரே குருவிச் சத்தம். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிறது. ஓனரம்மா தானே சமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுகிறார். ஒரு ஸ்டாரே அதிகம்.'

ரோஸ்லின் வாய்விட்டுச் சிரித்தாள். "கூர்க், கொச்சிக்கும் இப்படித்தான் எழுதினாளா?"

"அதைவிட மோசமா. அவ திட்டின இடம்னா நான் யோசிக்கவே மாட்டேன்."

"நல்ல ஆளு போங்க! சரி, நான் அனுப்பின மூணுக்கு என்ன குடுத்தா?"

எட்வின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"மூணுக்கும் அஞ்சு ஸ்டார்."