வாளியிலிருந்து எடுத்த கனெக்டர்

பாருங்கள் கண்ணுகளா, சாயப்பட்டறையின் நீராவிக்குள் அக்காவும், கரண்ட் வயர்களை இணைக்கும் கனெக்டர் விற்கிறவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். போன மாதம் இவர் "சொட்டுத் தண்ணி புகாது" என்று சத்தியம் செய்து கொடுத்த கனெக்டரில் தண்ணீர் புகுந்து ஷாக் அடித்துத்தான் அவள் தம்பியின் வலது கை வெந்துபோனது. இன்று புது ரகம் கொண்டுவந்திருக்கிறார். அக்கா அதை வயரில் மாட்டி, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, ரப்பர் கையுறை போட்ட கையால் இப்போது வெளியே எடுக்கிறாள். மூடியின் விளிம்பில் நீர்முத்துகள் மினுங்குகின்றன. சுவர் சுவிட்சைத் தட்டுகிறாள். சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிகிறது. "இந்தாங்கண்ணே, வெறுங்கையால பிடிச்சுக் கழட்டுங்க. கழட்டிட்டா பட்டறைக்கு வேண்டியது மொத்தமும் உங்ககிட்டதான் வாங்குவேன்." "எதுக்கும்மா? அதான் கம்பெனியிலயே டெஸ்ட் பண்ணிட்டாங்களே." "அப்புறம் என்ன பயம்?" மூலையில் உட்கார்ந்திருக்கும் தம்பி கட்டுப்போட்ட கையைத் தூக்குகிறான். "நான் வேணா பிடிக்கட்டுமாண்ணே? எனக்குப் பழக்கம்தான்." விற்கிறவரின் இரண்டு கைகளும் மெல்ல முதுகுக்குப் பின்னால் போகின்றன. காதோரம் வியர்வை இறங்குகிறது. அக்கா நீட்டிய கையை மடக்கவில்லை. கனெக்டரின் ஈரம் அவருடைய பளபளக்கும் ஷூமேல் சொட்டுகிறது. வயரின் மறுமுனை சுவரில் இல்லை, கண்ணுகளா. எதிலும் மாட்டாமல் அக்காவின் செருப்புக்கு அடியில் கிடக்கிறது. அதை அவரிடம் சொல்ல அவளுக்கு அவசரமே இல்லை.